ஏர்ஃபைபர் அவுட்டோர் யூனிட்டை மொட்டை மாடியில் எங்கே பொருத்துவது?

ஃபைபர் கேபிள் எட்டாத தெருக்களுக்கு 5ஜி டவரிலிருந்து நேரடியாக இணையம் தரும் ஏர்ஃபைபர் சேவையை 2023 ஆகஸ்டில் ஏர்டெல் டெல்லியிலும் மும்பையிலும், செப்டம்பரில் ஜியோ சென்னை உட்பட 8 நகரங்களிலும் தொடங்கின. சிம், கணக்கு, ரவுட்டர் அமைப்பு ஆகியவற்றைப் பொருத்த வரும் ஊழியரே முடித்துத் தந்துவிடுவார். டவரின் அலைகளை வாங்க மாடியில் வைக்கும் கருவியான அவுட்டோர் யூனிட் நிற்கும் இடத்தை மட்டும் நீங்கள் முன்கூட்டியே பார்த்து வைத்திருங்கள். வேகம் பெரும்பாலும் அந்த இடத்தைப் பொறுத்தே அமைகிறது.

முதலில், அதே நிறுவனத்தின் சிம் உள்ள 5ஜி ஆண்ட்ராய்டு கைபேசியில் சிக்னலை அளந்து காட்டும் நெட்மான்ஸ்டர் செயலியை நிறுவிக்கொண்டு மாடிக்குச் செல்லுங்கள். இத்தகைய செயலிகள் பல இருந்தாலும், 4ஜி, 5ஜி அளவுகளைத் தனித்தனி வரிகளில் காட்டுவதால் எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. என்ஆர் என்று குறிக்கப்பட்ட 5ஜி வரியை மட்டும் பாருங்கள். அதில் ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் வலிமை. மைனஸ் 80 அளவில் இருந்தால் நன்று, மைனஸ் 110-க்குக் கீழே போனால் பயனில்லை. எஸ்ஐஎன்ஆர் என்பது இரைச்சலோடு ஒப்பிடும்போது சிக்னல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதைக் காட்டும் எண். 20-க்கு மேல் மிகச் சிறப்பு, 5-க்குக் கீழ் தொல்லை.

இரண்டாவது படியான இடத் தேர்வில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். உயரமான இடமே சிறந்த இடம் என்ற எண்ணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த ஊழியர் யூனிட்டைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பொருத்தினார். ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 78 காட்டியது. ஆனால் மாலையில் எஸ்ஐஎன்ஆர் 4-ஐத் தாண்டவில்லை, காணொளி அழைப்புகள் அடிக்கடி உறைந்து நின்றன. அந்த உயரத்தில் மூன்று திசை டவர்களின் அலைகளும் வந்து ஒன்றோடொன்று மோதிக்கொண்டதுதான் காரணம். யூனிட்டைக் கீழே இறக்கி, மாடிப்படி அறையின் கிழக்குச் சுவரில், நமக்கு வேண்டிய டவரை மட்டும் நோக்கும்படி வைத்தபோது வலிமை மைனஸ் 86-ஆகக் குறைந்தது, எஸ்ஐஎன்ஆரோ 17-க்கு உயர்ந்தது. மற்ற டவர்களின் அலைகளை அந்தச் சுவரே மறைத்துவிட்டது. ஆகவே மாடியில் நான்கைந்து இடங்களில், சுவரின் மறைவையும் சேர்த்து, டவரில் நெரிசல் மிகும் இரவு எட்டு மணி வாக்கில் அளந்து பார்த்து, எஸ்ஐஎன்ஆர் அதிகமுள்ள இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டவருக்கும் யூனிட்டுக்கும் இடையில் தென்னை மரம் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். நனைந்த ஓலைகள் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைகளை நன்றாகவே உறிஞ்சும், மழைக்காலத்தில் வேகம் குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். கைபேசி எல்லாத் திசை அலைகளையும் வாங்கும். யூனிட்டின் ஆன்டெனா ஒரு திசையை நோக்கியது. ஆகவே இறுதி அளவை யூனிட்டின் சொந்த அமைப்புப் பக்கத்தில் (செட்டிங்ஸ்) சரிபார்த்த பிறகே கிளாம்ப்பை இறுக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, யூனிட்டிலிருந்து வீட்டுக்குள் ரவுட்டருக்கு வரும் கேபிள். தாமிரம் பூசிய அலுமினியக் கேபிளை ஒருபோதும் ஏற்காதீர்கள். இதே கேபிள் வழியாகத்தான் யூனிட்டுக்கு மின்சாரமும் செல்கிறது என்பதால், முழுத் தாமிரத்தாலான வெளிப்புற கேட்6 கேபிளையே நான் பரிந்துரைப்பேன்; நீளம் 100 மீட்டருக்குள் இருக்கட்டும். சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கேபிளைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு வளைத்தால், மழைநீர் உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும். யூனிட்டைத் தாங்கும் ஜிஐ பைப்புக்கு எர்த் கொடுத்து, கேபிளில் திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டரும் வைத்துவிட்டால் ஐப்பசி மாத இடிமின்னலில் கருவி எரிந்துபோகும் ஆபத்து வெகுவாகக் குறையும்.

பின்சேர்க்கை: கடைகளுக்கு இந்த இணைப்பை வாங்கிய வாசகர்கள் இருவர், சிசிடிவியை வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை என்று கேட்டிருந்தார்கள். ரவுட்டரின் வான் (WAN, அதாவது வெளி இணையப் பக்கத்து) ஐபி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், ஒரே பொது ஐபி முகவரியை உங்களோடு பலரும் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று பொருள். அந்த நிலையில், வெளியிலிருந்து வரும் இணைப்பைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது. நிலையான ஐபி தருவார்களா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். இல்லையென்றால் எப்போதும் இயங்கும் ஒரு கணினியில் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் செயலியை நிறுவி, அதன் வழியாகக் கடையின் வலையமைப்பைத் திறந்துகொள்ளலாம். இணைப்பில் பதிவேற்ற வேகம் குறைவாகவே கிடைக்கும், ஏனெனில் ஒரே அலைவரிசையை நேரப் பங்கீட்டில் பகிரும் இந்த முறையில் பெரும்பகுதி நேரம் பதிவிறக்கத்துக்கே ஒதுக்கப்படுகிறது. ஆகவே வெளியிலிருந்து பார்க்கும்போது கேமராவின் சப் ஸ்ட்ரீமை, அதாவது தரம் குறைந்த சிறிய காணொளியைத் தேர்ந்தெடுங்கள்.