தே ஓ ஐஸ் லிமாவ் நாலு கிளாஸா? ஷெல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்து "தே ஓ ஐஸ் லிமாவ்" என்றால் ஒரே ஒரு கிளாஸ்தான் வரும். ஆர்டர் எடுக்கிற தம்பி ஒவ்வொரு சொல்லையும் தனிச் சீட்டில் எழுதி உள்ளே அனுப்பினால்? டீ போடுகிற அண்ணன் நம் குரலைக் கேட்டதில்லை. நாலு சீட்டு வந்தால் அவருக்கு அது நாலு ஆர்டர்.

லினக்ஸில் நாம் தட்டும் கட்டளையை வாங்கி நிரலை ஓட்டும் ஷெல் அந்தத் தம்பிதான். நாம் தட்டிய வரி அப்படியே நிரலுக்குப் போவதில்லை. ஷெல் அதை இடைவெளி பார்த்து வெட்டி, துண்டுகளைப் பட்டியலாகக் கொடுக்கிறது. அந்தத் துண்டுகள்தாம் ஆர்குமென்ட்கள்.

இது எனக்குப் புரிந்தது படங்கள் போன பிறகு. தண்ணீர்மலை முருகன் கோயிலிலும் ரத ஊர்வலத்திலும் பல வருஷமாக எடுத்ததெல்லாம் "தைப்பூசம்" என்ற ஃபோல்டரில் இருந்தன. பக்கத்திலேயே "தைப்பூசம் 2019" என்று ஒரு வேண்டாத நகல். நகலை அழிக்க, கோப்புகளை அழிக்கும் ஆர்எம் (rm) கட்டளையில் ஃபோல்டரை அழிக்கும் விருப்பத்தையும் (-r) போட்டு, பெயரை மேற்கோள் குறி இல்லாமல் தட்டினேன். "2019 என்று எதுவும் இல்லை" என்று ஒரு வரி வந்தது. நகல் பத்திரமாக இருந்தது. "தைப்பூசம்" சத்தமில்லாமல் போய்விட்டது. தங்கை வீட்டு ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி இருந்ததால் பிழைத்தேன்.

இதில் எனக்குப் பெரிய துணை உண்டு. 2011-இல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் மென்பொருளின் நிறுவல் ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு), அழிக்க வேண்டிய பாதையின் நடுவே ஒரு இடைவெளி தவறி விழுந்தது. பாதை இரண்டு துண்டானது. முதல் துண்டு /யுஎஸ்ஆர் (/usr), நிரல்கள் குடியிருக்கும் ஃபோல்டர். பயன்படுத்தியவர்களின் கணினியில் அந்த ஃபோல்டர் முழுக்கக் காலி.

சரி, மேற்கோள் குறி போட்டால் போதுமா? அங்கேதான் அடுத்த குழி. மேற்கோள் குறி ஷெல்லுக்கு நாம் சொல்லும் குறிப்பு; "இதை வெட்டாதே" என்பதோடு அதன் வேலை முடிந்தது. ஷெல் அதைக் கழற்றிவிட்டுத்தான் நிரலிடம் கொடுக்கும். அதனால் ஒரு மாறிக்குள் (மதிப்பைச் சேமிக்கும் பெயர்) மேற்கோள் குறியோடு பெயரைச் சேமித்து வைத்துப் பயனில்லை. ஷெல் மாறியை விரித்த பிறகு, அதாவது பெயர் இருந்த இடத்தில் மதிப்பை வைத்த பிறகு, உள்ளிருந்து வரும் குறி வெறும் எழுத்துதான், வெட்டு விழவே செய்யும். குறி மாறியைச் சுற்றி வெளியே இருக்க வேண்டும்: ஸ்கிரிப்டுக்கு வந்த முதல் ஆர்குமென்டை எடுக்க $1 அல்ல, "$1". குறி இல்லாத மாறி காலியாக இருந்தாலோ, அந்த ஆர்குமென்டே காணாமல் போய்விடும்.

ஸ்கிரிப்டுக்கு வந்த எல்லாவற்றையும் இன்னொரு நிரலுக்குக் கடத்த "$@" எழுதுங்கள். "$*" எல்லாவற்றையும் ஒட்டி ஒரே துண்டாக்கிவிடும். குறியில்லாமல் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், மறுபடி வெட்டு. ஷெல்லிலும் வகைகள் உண்டு: பாஷ் (bash) ஒன்று, இசட்ஷெல் (zsh) இன்னொன்று. இசட்ஷெல் மாறிகளை இப்படி வெட்டாது. அதில் பழகிவிட்டு பாஷ் பக்கம் வருபவர்கள் கவனம்.

அப்புறம் நட்சத்திரக் குறி. 'இங்கே உள்ள எல்லாப் பெயர்களும்' என்று பொருள்படும் * என்பதை விரிப்பது நிரல் அல்ல, ஷெல். ஆர்எம் கையில் கிடைப்பது பெயர்கள் மட்டுமே. அந்தப் பெயர்களில் ஒன்று கழித்தல் குறியில் தொடங்கினால், நிரல் அதைக் கோப்பு என்று நினைக்காது. விருப்பம் என்று எடுத்துக்கொள்ளும். * என்று மட்டும் எழுதாமல் ./* என்று எழுதினால் எல்லாப் பெயரும் ./ என்றே தொடங்கும், இந்தத் தொல்லை இல்லை. பல நிரல்கள் பெயர்களுக்கு முன்னால் -- போட்டாலும் புரிந்துகொள்ளும். கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் (find) கட்டளைக்குக் கொடுக்கும் * நிச்சயம் மேற்கோளுக்குள் இருக்கட்டும், இல்லையென்றால் ஃபைண்ட் தேடத் தொடங்குமுன்பே ஷெல் அதை விரித்துவிடும்.

படங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் "ஆர்குமென்ட் பட்டியல் மிக நீளம்" என்று கட்டளை நின்றுவிடும். லினக்ஸில் இந்த மொத்த அளவு வழக்கமாக 2 எம்பி அளவில்தான். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு எழுத்துக்குறியும் 3 பைட். 'பூ' என்றால் 'ப' ஒன்று, ஊகார அடையாளம் ஒன்று என இரண்டு எழுத்துக்குறி, 6 பைட். நம் கோப்புப் பெயர்கள் அந்த இடத்தைச் சீக்கிரம் தின்றுவிடும். பலர் உடனே, பெயர்களைப் பகுதி பகுதியாகக் கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸ் (xargs) பக்கம் ஓடுகிறார்கள். அதுவும் இடைவெளியில் வெட்டுகிற ஆள்தான்! ஃபைண்டைப் பூஜ்ய பைட்டால் பெயர்களைப் பிரிக்கச் சொல்லி (-print0), எக்ஸ்ஆர்க்ஸுக்கு -0 கொடுங்கள். கோப்புப் பெயருக்குள் பூஜ்ய பைட் வரவே முடியாது.

விண்டோஸில் கதை வேறு. அங்கே முழு வரியும் ஒரே சரமாகப் போகிறது, வெட்டுவது அந்தந்த நிரலின் பாடு. அதனால் இங்கே படித்த பழக்கத்தை அப்படியே அங்கே கொண்டுபோகாதீர்கள்.

சந்தேகம் வந்தால், கொடுத்ததைத் திரையில் காட்டும் எக்கோ (echo) போட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம், எனக்கும்தான். ஆனால் எக்கோ துண்டுகளுக்கு நடுவே ஒரு இடைவெளி விட்டு ஒட்டிக் காட்டும். நாலு சீட்டும் ஒரு சீட்டும் திரையில் ஒரே மாதிரி தெரியும். பிரின்ட்எஃப் கட்டளையை வரிக்கு ஒரு ஆர்குமென்டாக அச்சிடச் சொல்லுங்கள் (printf '%s\n'). "தைப்பூசம்" ஒரு வரியிலும் "2019" அடுத்த வரியிலும் வந்தால், ஆர்எம்மைத் தட்டாதீர்கள்.