பேமிட் காணியா, உறுதிக் காணியா? வன்னியில் காணிக் கடதாசி சரிசெய்யத் தொடங்குபவர்களுக்கு

"அப்பா எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோட வந்து காடு வெட்டின காணி, இதை ஆர் வந்து கேக்கப்போயினம்?" கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, எங்கே போனாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். அரசு கேட்கும். பத்து வருடம் ஆண்டால் காணி சொந்தம் என்பது தனியார் காணிக்குத்தான் பொருந்தும், அதுவும் வழக்கில் நிரூபித்தால். அரச காணியில் எத்தனை வருடம் இருந்தாலும் அந்தக் கணக்கு ஓடாது. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி மீட்புச் சட்டத்தின்படி வழக்கு வந்தால், செல்லுபடியாகும் பேமிட் (அரச காணியில் இருக்க அரசு தரும் அனுமதிப் பத்திரம்) அல்லது அரசின் வேறு எழுத்து அனுமதி, இவற்றைத்தான் நீதவான் பார்ப்பார். வீடும் கிணறும் காய்க்கிற தென்னையும் அங்கே எடுபடாது.

படி 1: காணி எந்த வகை?

உறுதி (நொத்தாரிசு முடித்த உரிமைப் பத்திரம்) இருந்தால் தனியார் காணி. காணிப் பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேடு) பார்த்து உரிமைத் தொடரைச் சரிபாருங்கள். குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றுக்கு முதலில் பேமிட், பிறகு காணியை உங்கள் பெயருக்கே தரும் அளிப்புப் பத்திரம். ஸ்வர்ணபூமி, ஜயபூமி என்ற பெயர்களில் வந்ததெல்லாம் அளிப்புத்தான். இயக்கக் காலத்தில் (புலிகளின் நிர்வாகத்தில்) தந்த காணிக் கடதாசியை உரிமை ஆவணமாக அரச அலுவலகங்கள் ஏற்பதில்லை. இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள்.

படி 2: பேரேட்டில் யார் பெயர்?

என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் காணிப் பேரேடு, அதாவது எந்தத் துண்டு யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று பதிந்த ஏடு இருக்கிறது. அடையாள அட்டை, பேமிட் இலக்கம், துண்டு இலக்கம், ஜி.எஸ். (கிராம சேவகர்) பிரிவு ஆகிய விபரங்களோடு போங்கள். 2009 போரில் கடதாசி எல்லாம் தொலைந்துபோனவர்களும் போகலாம். உங்கள் பிரதி போனாலும் பேரேட்டில் பதிவு இருக்க வாய்ப்புண்டு.

"நாளைக்கு வாங்கோ" என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வருகிறதா? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதிவின் பிரதி வேண்டும் என்று தமிழிலேயே ஒரு பக்கம் எழுதித் தகவல் உத்தியோகத்தரிடம் கொடுத்து, கிடைத்ததற்கு ஒப்பம் வாங்குங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும்.

பார்த்தால் பேரேட்டில் வேறு ஒருவர் பெயர் இருக்கலாம். மத்திய வகுப்புத் திட்டத்தில் (நடுத்தர வர்க்கத்தினருக்கு அரசு காணி கொடுத்த திட்டம்) யாருக்கோ கொடுத்த காணியில் மலையகத்தில் இருந்து வந்த குடும்பம் தலைமுறையாக இருப்பது வன்னியில் புதினமில்லை. அப்படியென்றால் சண்டைக்குப் போகாமல் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். வாக்காளர் பட்டியல் பிரதி, மின்பட்டியல், பிள்ளைகளின் பாடசாலை அனுமதிப் பதிவு, மீள்குடியேற்றப் பதிவு என்று அங்கே இருந்ததைக் காட்டுகிற எதையும் இணைக்கலாம்.

படி 3: காணிக் கச்சேரி

கடதாசியே இல்லாதவர்கள் விண்ணப்பித்தால் காணிக் கச்சேரி என்ற விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். அன்றைக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும், நேரில் நில்லுங்கள். கணவர் காணாமல் போயிருந்து, இறப்புச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத அக்காமார் பலர் உண்டு. எடுக்கச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டு இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டப்படி, காணாமல் போனவர் என்பதற்கே தனிச் சான்றிதழ் பெறலாம். அவருடைய சொத்தைத் தற்காலிகமாக நிர்வகிக்க அது வழிவிடுகிறது.

படி 4: விற்காதீர்கள், வாங்காதீர்கள்

பேமிட் காணியை வெள்ளைக் கடதாசியில் எழுதி வாங்கினாலும், நொத்தாரிசிடம் முடித்தாலும், அரசின் முன் அனுமதி இல்லாவிட்டால் அது செல்லாது. காசு போனது போனதுதான்.

படி 5: பின்னுரித்தாளரைப் பதியுங்கள்

பேமிட்காரர் உயிரோடு இருக்கும்போதே, தனக்குப் பிறகு யார் என்று பெயர் கொடுத்துப் பதிய வேண்டும். வாயால் சொன்னது எடுபடாது. இந்தக் காணிகளுக்குத் தேசவழமையும் (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சொத்துச் சட்டம்) பொருந்தாது. பெயர் கொடுக்காமல் இறந்தால் முதலில் மனைவிக்கு அல்லது கணவருக்கு ஆயுள் உரிமை, அப்புறம் சட்டம் சொல்லும் வரிசை. அந்த வரிசையில் மகன்மாருக்கு இருந்த முன்னுரிமை 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தத்தோடு போய்விட்டது. இன்னொன்று: இறப்பு நடந்து 6 மாதங்களுக்குள் காணியைப் பொறுப்பேற்காவிட்டால் உரிமை கைநழுவும்.

படி 6: கெசட்

2025 மார்ச் 28இல் வந்த ஒரு கெசட் (அரச வர்த்தமானி அறிவித்தல்), வட மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு 3 மாதங்களுக்குள் உரிமை கோரும்படி சொன்னது. எதிர்ப்புக் கிளம்பி, உயர் நீதிமன்றம் வரை போய், பிறகு அது மீளப் பெறப்பட்டது. நல்லகாலம். ஆனால் 3 மாதம் என்பது ஊரில் இருப்பவருக்கே போதாது. அதனால் ஜி.எஸ். அலுவலக அறிவித்தல் பலகையை அடிக்கடி பாருங்கள். காணி சம்பந்தமாக எதையாவது கண்டால் படம் எடுத்து, தமிழ்நாட்டு முகாமிலோ வெளிநாட்டிலோ இருக்கும் சொந்தக்காரருக்கு அன்றைக்கே வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.