வீட்டு வைஃபை விட்டு விட்டுத் திணறுகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மீட்டிங் நடுவில் குரல் உடைந்து, எதிர்முனையில் இருப்பவர் "ஹலோ, கேக்குதா?" என்று ஆரம்பித்ததும் பெரும்பாலானோர் எழுந்து போய் ரூட்டரை அணைத்துப் போடுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். மறுநாள் மறுபடியும் அதே கதை. ரீஸ்டார்ட் செய்வது குற்றமில்லை. ஆனால் பல ரூட்டர்களில் அதோடு லாக் பக்கம் (ரூட்டர் தனக்கு நடந்ததை நேரத்தோடு குறித்து வைக்கும் பட்டியல்) அழிந்துபோகும்; எத்தனை மணி நேரமாக ஓடுகிறது என்ற கணக்கும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். எப்போதும் திணறும் நெட்டை யாரும் கண்டுபிடித்துவிடலாம். விட்டு விட்டுத் திணறுவதைத் திணறும் நேரத்திலேயே பிடித்தால்தான் உண்டு.

அடுத்து எல்லோரும் செய்வது ஸ்பீட் டெஸ்ட். 100 எம்பிபிஎஸ் பிளானில் 97 காட்டுகிறது, ஆக லைன் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுகிறார்கள். ஸ்பீட் டெஸ்ட் காட்டுவது சில வினாடிகளில் எவ்வளவு டேட்டா வந்தது என்பதை மட்டுமே. வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் போதும். ஆனால் அது இடைவெளி விடாமல், ஒரே சீராக வர வேண்டும். அரை வினாடி நின்றுவிட்டு மொத்தமாக வந்து சேர்ந்தால் ஸ்பீட் டெஸ்ட் பாஸ், மீட்டிங் ஃபெயில்.

இரண்டு பிங், ஒரே நேரத்தில்

காசு செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டியது இது ஒன்றுதான். விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல் இரண்டைத் திறங்கள். ஒன்றில் ரூட்டரின் முகவரிக்குப் பிங் (ஒரு சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தை அளப்பது) ஓடட்டும். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ஜியோ ஃபைபரில் 192.168.29.1. நெட்வொர்க் விவரத்தில் டீஃபால்ட் கேட்வே என்று இருப்பதுதான் அது. இன்னொன்றில் 8.8.8.8 முகவரிக்கு ஓடட்டும்; அது வெளியே இருக்கும் கூகுள் சர்வர். கட்டளையில் சிறுகோடும் டி எழுத்தும் சேர்த்தால் (ping -t 8.8.8.8) நிறுத்தும்வரை ஓடும். மேக்கில் அது இல்லாமலே ஓடும். ஓடவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

குரல் உடைந்த அந்த நொடியில் இரண்டு ஜன்னலையும் பாருங்கள். ரூட்டருக்கான பிங் சாதாரணமாக 2 முதல் 5 மில்லிசெகண்டில் இருக்கும். அதுவே 200, 400 என்று எகிறினாலோ, பதிலே வராமல் போனாலோ கோளாறு உங்கள் வீட்டுக்குள், வைஃபையில். கஸ்டமர் கேரைத் திட்டிப் பயனில்லை. ரூட்டர் பிங் அசையாமல் இருக்க, 8.8.8.8 மட்டும் எகிறினால் வைஃபை குற்றவாளி இல்லை: உங்கள் அப்லோட் நிரம்பியிருக்கிறது, அல்லது நிறுவனத்தின் லைனில் பிரச்சினை. இரண்டுமே நன்றாக இருந்து ஆபீஸ் காலில் மட்டும் இழுத்தால், விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் தனிப் பாதை) எந்த ஊர் சர்வருக்குப் போகிறது என்று பாருங்கள். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு சிங்கப்பூரோ ஐரோப்பாவோ போய்த் திரும்பும் டேட்டாவுக்கு எந்த ரூட்டரும் மருந்தில்லை.

இங்கே இரண்டு குழப்பங்கள் வரும். லேப்டாப்பிலிருந்து செல்போனுக்குப் பிங் அடித்து "100க்கு மேல் வருகிறதே" என்று பதறாதீர்கள். பேட்டரியை மிச்சப்படுத்தத் தூங்கும் போன் தாமதமாகத்தான் பதில் சொல்லும். அதேபோல டேட்டா போகும் வழியில் உள்ள ரூட்டர்களை வரிசையாகக் காட்டும் டிரேஸ்ரூட்டில் நடுவில் ஒரு கண்ணி மட்டும் 150 காட்டி, கடைசிக் கண்ணி 15 காட்டினால் அந்த நடு ரூட்டர் பிங்குக்குப் பதில் சொல்வதை அலட்சியம் செய்கிறது, அவ்வளவுதான். எகிறிய எண் கடைசிவரை தொடர்ந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

வைஃபைதான் என்று தெரிந்தால்

30×40 அடி சைட்டில் மூன்று மாடி எழுப்பி, மாடிக்கு இரண்டு வீடாக வாடகைக்கு விட்ட கட்டடம் பெங்களூரில் ஈஜிபுராவிலும் மர்பி டவுனிலும் தெருவுக்குப் பத்து இருக்கும். பக்கத்துக் கட்டடச் சுவருக்கும் நம் சுவருக்கும் கை நுழையும் இடைவெளிதான். அங்கே போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் இருபது முப்பது பெயர் வருவது சகஜம். பெரும்பாலான ரூட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் (பேண்ட்) பேசும்; ஒவ்வொன்றும் சேனல் என்ற துண்டுகளாகப் பிரிந்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே: 1, 6, 11. அந்த மூன்றைத்தான் அத்தனை வீடும் பங்கு போட்டாக வேண்டும்.

இதில் விவரம் தெரிந்தவர்களே செய்யும் தவறு, "1, 6, 11 எல்லாம் கூட்டமாக இருக்கிறது, 3 காலியாக இருக்கிறது" என்று 3ஐத் தேர்ந்தெடுப்பது. ஒரே சேனலில் இருக்கும் ரூட்டர்கள் ஒன்றின் பேச்சை மற்றொன்று புரிந்துகொண்டு முறை வைத்துப் பேசும். 3இல் போய் உட்கார்ந்தால் 1இல் இருப்பவருக்கும் 6இல் இருப்பவருக்கும் நீங்கள் வெறும் இரைச்சல். உங்களுக்கு அவர்களும் அப்படியே. முறை வைக்க வழியில்லை, டேட்டா கெட்டுப்போய் மறுபடி மறுபடி அனுப்ப வேண்டிவரும். நெரிசலாக இருந்தாலும் மூன்றில் ஒன்றில் இருங்கள். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள்; 40 வைத்தால் பேண்டின் பெரும்பகுதியை நீங்களே அடைத்து, எல்லோருடைய இரைச்சலையும் வாங்கிக்கொள்வீர்கள்.

வேலை பார்க்கும் லேப்டாப்பும் டிவியும் 5 கிகாஹெர்ட்ஸில்தான் இருக்க வேண்டும். இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், சிக்னல் கொஞ்சம் குறைந்ததும் லேப்டாப் 2.4க்குத் தாவி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மணிக்கணக்காக யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரே ரூட்டர் உள்ள வீட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, லேப்டாப்பில் 2.4இன் பெயரை மறக்கச் செய்துவிடுங்கள். மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்குவது) வைத்திருந்தால் இதைச் செய்யாதீர்கள். அதற்கு ஒரே பெயர்தான் சரி.

5 கிகாஹெர்ட்ஸிலும் ஒரு பொறி உண்டு. 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் என்று சந்தேகம் வந்தாலே ரூட்டர் 10 வினாடிக்குள் அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. அதே வரிசையில் வேறு சேனலுக்குப் போனால் குறைந்தது 60 வினாடி காது கொடுத்துக் கேட்ட பிறகே பேசலாம். ஒரு நாளில் ஓரிரு முறை 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஒரு நிமிடம் மாயமாகி வருகிறதென்றால் லாக் பக்கத்தில் ரேடார் என்ற சொல்லைத் தேடுங்கள். (இதற்காகத்தான் ரீஸ்டார்ட் செய்யுமுன் லாக் பார்க்கச் சொல்வது.) 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்தால் இந்த ரேடார் சேனல்களைத் தொடாமல் முடியாது. அடுக்குமாடியில் 80கூட அதிகம். 40 வைத்தால் ரேடார் தொல்லை இல்லாத நான்கு இடங்கள் கிடைக்கும்: 36, 44, 149, 157இல் தொடங்குபவை. ஸ்பீட் டெஸ்ட் எண் குறையும். மீட்டிங் குறையாது.

ரூட்டர் வைக்கும் இடத்தைப் பொதுவாக லைன் போட வந்தவர்தான் தீர்மானிக்கிறார்: வாசற்கதவுக்கு மேலே, சுவரில் துளை போட வசதியான மூலையில். பிறகு நாம் அதை டிவிக்குப் பின்னாலோ பீரோ மேலோ தள்ளிவிடுகிறோம். இரும்பு பீரோ, ஃபிரிஜ், நிலைக்கண்ணாடி, தண்ணீர் நிறைந்த எதுவும் சிக்னலை விழுங்கும் அல்லது திருப்பிவிடும். ஃபைபர் ஒயரைப் பத்து பதினைந்து மீட்டர் நீட்டி ஹால் நடுவுக்குக் கொண்டுவரச் சொன்னால் வேகம் ஒன்றும் குறையாது, 3 செ.மீ.க்குக் குறைவான வட்டத்தில் மடிக்காமல் இருந்தால் போதும். வேலை செய்யும் நாற்காலியில் சிக்னல் மைனஸ் 67 டிபிஎம் (சிக்னலின் பலத்தை அளக்கும் அலகு) அல்லது அதைவிட நல்லதாக (மைனஸ் 60, 55) இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகை ஆப் காட்டும்; மேக்கில் ஆப்ஷன் பட்டனை அழுத்தியபடி வைஃபை ஐகானைக் கிளிக் செய்தால் தெரியும்.

சிக்னல் வராத அறையிலேயே எக்ஸ்டெண்டரை வைப்பது காசைக் கரியாக்கும் வேலை. அது கெட்ட சிக்னலை வாங்கி உரக்கக் கத்தும். போனில் நாலு கோடும் தெரியும், நெட் மட்டும் வராது. பாதி வழியில், அதற்கே நல்ல சிக்னல் கிடைக்கும் இடத்தில் வையுங்கள். ஒரே ரேடியோ உள்ள எக்ஸ்டெண்டர் வாங்குவதையும் பேசுவதையும் அதிலேயே செய்வதால் வேகம் பாதியாகும். உண்மையான தீர்வு லேன் கேபிள் இழுத்து மறுமுனையில் ஆக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகத் தரும் பெட்டி) வைப்பது. பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் கேபிள் வாங்கினால் முழுச் செம்புக் கம்பிதானா என்று கேட்டு வாங்குங்கள். நுனியைச் சுரண்டினால் வெள்ளையாக வந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கேபிள் மாட்டியதும் லேப்டாப்பில் லிங்க் வேகம் 1000 காட்டாமல் 100 காட்டினால் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒன்று எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது அந்தப் போர்ட்டே 100தான்.

சில்லறைக் காரணங்களும் உண்டு. மைக்ரோவேவ் ஓடும் இரண்டு நிமிடம் 2.4 படுத்துவிடும். யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கும் அதன் ஒயரும் அதே அலைவரிசையில் இரைச்சல் போடும். ரூட்டரிலிருந்தும் வைஃபை டாங்கிளிலிருந்தும் தள்ளி வையுங்கள். மேக்புக்கில் சீரான இடைவெளியில் பிங் துள்ளினால் ஏர்டிராப்பை அணைத்துப் பாருங்கள், அதற்காக ரேடியோ அவ்வப்போது வேறு சேனலுக்குப் போய்வரும்.

வைஃபை இல்லை, அப்லோட் நிரம்பல்

இரவுச் சாப்பாடு முடிந்து வீட்டில் நாலு போனும் சார்ஜரில் ஏறியதும் போட்டோ பேக்கப் தொடங்கும். வாசலில் கிளவுடுக்கு அனுப்பும் கேமரா இரண்டு இருந்தால் அவை நாள் முழுக்க ஏற்றிக்கொண்டிருக்கும். டவுன்லோட் காலியாகவே இருக்கும், ஆனால் மீட்டிங்கில் உங்கள் குரல் ரோபோ போல் வரும். அப்லோட் 10 எம்பிபிஎஸ் உள்ள லைனில் மோடம் 1 மெகாபைட் டேட்டாவை வரிசையில் பிடித்து வைத்தால், அதை அனுப்பி முடிக்க 8 மெகாபிட்டை 10ஆல் வகுத்து 0.8 வினாடி. அதாவது உங்கள் குரல் 800 மில்லிசெகண்ட் காத்திருக்கிறது.

இதற்கு டிஎன்எஸ் மாற்றச் சொல்லி யாராவது வருவார்கள். டிஎன்எஸ் பெயரைத் தேடித் தருவதோடு சரி, நடந்துகொண்டிருக்கும் காலில் அதற்கு வேலையே இல்லை. பெரிய பிளானுக்கு மாறுவதும் கொஞ்ச நாளைக்குத்தான். ரூட்டரில் வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் என்ற வசதி இருந்தால் (ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஓடும் ரூட்டர்களில் கிடைக்கும்) அப்லோட் வரம்பை அளந்த வேகத்தில் 90 சதவீதமாக வைத்து அதில் வரும் முறைகளில் கேக் (CAKE) அல்லது எஃப்க்யூ-கோடலைத் (fq_codel) தேர்ந்தெடுங்கள். வரிசை மோடத்தில் தேங்காமல் ரூட்டர் கையிலேயே இருக்கும். சின்னப் பாக்கெட்டுகள் முந்திப் போகும். பழைய ரூட்டரின் பிராசசர் அதிவேக லைனில் இதற்கு ஈடுகொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வசதி இல்லாதவர்கள் போட்டோ பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ளி, கேமராவின் தரத்தை ஒரு படி குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கரண்ட்

பெஸ்காம் (பெங்களூர் மின்வாரியம்) கரண்ட் ஒரு வினாடி சிமிட்டினால்கூட ரூட்டர் விழுந்து எழ ஓரிரு நிமிடம் ஆகும். ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் அப்டைம் (எத்தனை நேரமாக ஓடுகிறது) பாருங்கள். நீங்கள் அணைக்காமலே 3 மணி நேரம்தான் காட்டுகிறதென்றால் அது தானாக விழுந்து எழுகிறது: கரண்ட், அல்லது கிழண்டுபோன அடாப்டர். மினி யூபிஎஸ் வாங்குவோர் ரூட்டரை மட்டும் அதில் மாட்டி, ஃபைபர் பெட்டியைச் சுவர் பிளக்கிலேயே விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் மாட்ட வேண்டும். ஃபைபர் பெட்டி 12 வோல்ட் 1.5 ஆம்பியர், ரூட்டர் 12 வோல்ட் 1 ஆம்பியர் என்றால் கூட்டி 2.5 ஆம்பியர், 2 ஆம்பியர் யூபிஎஸ் போதாது. ஜாக் பொருந்துகிறது என்பதற்காக 9 வோல்ட் பெட்டியில் 12ஐச் சொருகிவிடாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் வீட்டுக்கு வருவது ஃபைபரா, மொட்டை மாடிப் பெட்டியிலிருந்து இறங்கும் லேன் கேபிளா என்று பாருங்கள். ஜிபானில் (ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் முறை) வழியில் ஒளியைப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை. மாடிப் பெட்டியில் இருப்பது சுவிட்ச். கட்டடத்தில் கரண்ட் போனால், அதற்கென்று பேட்டரி இல்லாவிட்டால், உங்கள் வீட்டில் எத்தனை யூபிஎஸ் இருந்தும் நெட் வராது.

புகார் செய்யும்போது

"நெட் ஸ்லோ" என்று புகார் கொடுத்தால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி டிக்கெட்டை மூடுவார்கள். லேப்டாப்பை லேன் கேபிளில் மாட்டி, அதே இரண்டு பிங்கையும் தேதி நேரத்தோடு படம் எடுத்து அனுப்புங்கள். ஆள் வந்தால், "அண்ணா, லைன்ல பவர் எவ்வளவு வருதுன்னு மீட்டர் வெச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். ஜிபான் பெட்டிக்கு வரும் ஒளி மைனஸ் 8க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் நடுவில் இருக்க வேண்டும். மைனஸ் 26, 27 என்று விளிம்பில் நின்றால் ஸ்பிளைஸையும் (ஃபைபரை ஒட்டிய இணைப்பு) கனெக்டரையும் சரி செய்யாமல் அவரை அனுப்பாதீர்கள். ஒளி நன்றாக இருந்து, இரவு 8 முதல் 11 வரை மட்டும் 8.8.8.8 தினமும் எகிறுகிறது, வீட்டில் அப்லோடும் காலி என்றால் அந்த ஏரியாவில் அவர்கள் லைன் கொள்ளாமல் ஆட்களைச் சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம். வேறு நிறுவனத்துக்கு மாறலாம். ஆனால் ஒரு வருட பிளானுக்குப் பணம் கட்டுமுன், அந்த நிறுவனத்தின் லைன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் இரவு 9 மணிக்கு அரை மணி நேரம் பிங் ஓட்டிப் பாருங்கள்.