சுங்கை சிப்புட்டில் ஓர் இசையிதழ் கொண்டுவருவது எப்படி?

இளைஞர்கள் கைக்காசில் நடத்தும் இசையிதழின் வடிவத்தை அவர்களின் இரசனையோடு நாட்டின் சட்டமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இலண்டனில் 1976-இல் மார்க் பெர்ரி என்ற வங்கி எழுத்தர் பங்க் இசைக்கான இதழைத் தட்டச்சு செய்து, ஒளிநகல் எடுத்து விற்றார், அனுமதி தேவைப்படவில்லை. அச்சுக்குக் கட்டுப்பாடு இருந்த சோவியத் ஒன்றியத்தின் லெனின்கிராட்டில் 1977-இல் தோன்றிய 'ரோக்சி' என்ற ராக் இதழோ, கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்த சில படிகளாகவே கைமாறியது. செக்கோஸ்லோவாக்கியாவில் 'ஜாஸ் பிரிவு' என்ற இசை அமைப்பு தன் இதழை உறுப்பினர்களுக்கு மட்டும் என்று சொல்லி நெடுநாள் தாக்குப்பிடித்தது. 1987-இல் அதன் தலைவர்கள் தண்டிக்கப்பட்டார்கள்.

சுங்கை சிப்புட் இருக்கும் மலேசியாவில் முதலில் படிக்க வேண்டியது 1984-ஆம் ஆண்டின் அச்சக, வெளியீட்டுச் சட்டம். விற்றாலும் இலவசமாகக் கொடுத்தாலும், பருவ இதழுக்கு உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டும். மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே, தொடர் இதழா, ஒரே முறை வரும் தொகுப்பு நூலா என்பதை முதலிலேயே முடிவுசெய்து, அமைச்சிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அச்சிடுபவர், வெளியிடுபவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இடம்பெற வேண்டும். (புனைபெயர்ப் பிரியர்களுக்கு இது கசக்கும்.)

உள்ளடக்கத்துக்குத்தான் அதிக உழைப்பு தேவை. ராப் பாடகர் யோகி பி போன்ற புகழ்பெற்றவர்களைப் பற்றி எழுத நாளிதழ்கள் இருக்கின்றன. கோயில் திருவிழாக்களில் வாசிக்கும் தோட்டத்து உருமி மேளக் குழுக்களைப் பற்றி எழுதுவோர் குறைவு. எந்தத் தோட்டத்தில் குழு தொடங்கியது, வளைகுச்சியால் உரசி உறுமல் எழுப்ப யாரிடம் பழகினார்கள், தோல் எங்கே வாங்குகிறார்கள், தோட்டம் கைமாறி லயம் (தொழிலாளர் குடியிருப்பு) காலியான பிறகு எங்கே ஒத்திகை பார்க்கிறார்கள் என்றெல்லாம் கேளுங்கள். பதிலை அவர்கள் பேச்சு மாறாமல் அச்சிடுங்கள். 1992-இல் நீண்ட முடி வைத்த ராக் கலைஞர்கள் தொலைக்காட்சியில் தோன்றத் தடை வந்த நாடு இது. தமிழ் இளைஞர் நாலு பேர் கூடி நின்றாலே குண்டர் கும்பல் என்று சந்தேகிப்போரும் உண்டு. எனவே படத்துக்கு ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் வாங்குங்கள். பள்ளி மாணவர் என்றால் பெற்றோரிடமும் கேளுங்கள்.

தயாரிப்பு எளிது. நான்கு ஏ4 தாள்களை நடுவில் மடித்தால் 16 பக்கம். ஒரே முகத்தில் அருகருகே வரும் இரு பக்க எண்களைக் கூட்டினால் 17 வர வேண்டும்: 16-உம் 1-உம், 2-உம் 15-உம். சிறிய தமிழ் எழுத்தின் சுழிகள் ஒளிநகலில் அடைத்துக்கொள்ளும் என்பதால் எழுத்தளவை 11 புள்ளிக்குக் கீழே குறைக்காதீர்கள். படங்களைச் சற்று வெளிறவைத்து, போட்டோஸ்டாட் கடையில் ஒரு படி சோதித்துப் பாருங்கள்.

முதலில் 50 படி போதும். தேசிய நூலகத்துக்குச் சட்டப்படி 5 படிகள் போக வேண்டும். பேட்டி கொடுத்த குழுக்களுக்கும் ஒதுக்கிய பிறகே முடிதிருத்தகத்திலும் சாப்பாட்டுக் கடையிலும் விற்பனைக்கு வையுங்கள்.