ஆடிக் காற்றில் ஸ்பிரிட் விளக்கு: எத்தனால் எரிப்புச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியல் கண்காட்சி என்றால் எத்தனாலை எரித்துக் காட்ட ஒரு மேசை நிச்சயம் இருக்கும். கீழே ஸ்பிரிட் விளக்கு, மேலே தண்ணீர், உள்ளே வெப்பமானி. எவ்வளவு ஸ்பிரிட் (அதாவது எத்தனால்) எரிந்தது, தண்ணீர் எத்தனை டிகிரி சூடேறியது என்று பார்த்து, ஒரு மோல் எத்தனால், அதாவது 46 கிராம், தரும் வெப்பத்தைக் கணக்கிட வேண்டும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் இதைச் செய்யும்போது, நாங்கள் படித்த காலத்துக் கோளாறுகள் அப்படியே திரும்ப வருகின்றன. முடியைக் கட்டு, கண்ணாடி போடு என்பதையெல்லாம் ஆசிரியரே சொல்லிவிடுவார். அதை விடுங்கள்.

காற்றை மறப்பது

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு ஒரு ஜன்னல் திறந்திருந்தால் போதும், சுடர் சாய்ந்து சுவரைச் சூடாக்கும். மூன்று பக்கமும் தகரத்தை நிறுத்துங்கள். நான்காவது பக்கத்தையும் அடைத்தால் காற்றுப் போதாமல் கரி படியும்.

எரிகிற இடத்திலேயே ஸ்பிரிட் ஊற்றுவது

எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இதுதான். காற்றடித்து விளக்கு அணைந்தது போலத் தெரியும். உடனே ஒருவன் கேனோடு வந்துவிடுவான். ஒரு பள்ளியில் ஜன்னலை ஒட்டி மேசை, நல்ல வெயில். “அணைஞ்சு போச்சுங்க சார்” என்றான் பையன். “கேனைத் தூரமா வெச்சுட்டு வா கண்ணு” என்று அனுப்பிவிட்டு, திரிக்கு மேலே ஒரு காகிதத் துண்டை நீட்டினேன். பற்றிக்கொண்டது. எத்தனால் சுடர் வெளிர்நீலம். வெயிலில் கண்ணுக்கே தெரியாது.

ஊற்றியிருந்தால், ஸ்பிரிட் விளக்குக்குள் விழும் முன்பே ஆவி பற்றித் தீ கேனுக்குள் போயிருக்கும். உள்ளே தேங்கிய ஆவி ஒரே மூச்சில் எரிந்து, மிச்ச ஸ்பிரிட்டைத் தீயாக வாய்வழியே பீய்ச்சியடிக்கும். எதிரே வேடிக்கை பார்த்து நிற்கிற பிள்ளைதான் பெரும்பாலும் அதில் மாட்டும். நிறைந்த கேனைவிட முக்கால்வாசி காலியான கேன் மோசம். காற்றில் ஏறத்தாழ 3 முதல் 19 சதவீதம் வரை எத்தனால் ஆவி இருந்தால் தீப்பிடிக்கும். 30 டிகிரியில் மூடிவைத்த கேனுக்குள் சுமார் 10 சதவீதம் இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமாக ஆபத்து அமையாது. மார்கழியில் பரவாயில்லை என்றும் நினைக்க வேண்டாம். 17 டிகிரியிலேயே பற்றும் அளவுக்கு ஆவி வந்துவிடும். பள்ளி நேரத்தில் நம் வகுப்பறை என்றைக்கும் அதைவிடச் சூடுதான்.

இன்னொன்று, அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேசை மேலேயே ஊர்ந்து பக்கத்து மேசை விளக்கை எட்டிவிடும். அதனால் உங்கள் விளக்கு உண்மையிலேயே அணைந்திருந்தாலும் அங்கே ஊற்றக் கூடாது. மூடியைப் போட்டு, ஆறவிட்டு, தீயே இல்லாத வேறு அறையில் புனல் வைத்து நிரப்புங்கள். கேனை ஆய்வகத்துக்குள் விடவே கூடாது என்பது என் கட்சி. ஒரு விளக்கு நிறைய ஸ்பிரிட், இந்தச் சோதனைக்குத் தாராளம்.

ஊதி அணைப்பது

வேண்டாம். மூடியால் அணையுங்கள்.

மூடாமல் எடை போடுவது

திரி வழியாக ஸ்பிரிட் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதையும் எரிந்த கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். அணைத்ததும் மூடியோடு எடை போடுங்கள். முதல் எடையும் மூடியோடுதான். எரிவதே அரை கிராம் அளவு என்பதால் 0.1 கிராம் காட்டும் தராசு உதவாது. 0.01 கிராம் காட்டுவது வேண்டும். பள்ளியில் இல்லையென்றால் நகைப்பட்டறையில் கேட்டுப் பாருங்கள், கோவையில் அதற்கா பஞ்சம்?

கலக்காமல் வெப்பநிலை பார்ப்பது

கலக்குங்கள். வெப்பமானி அடியைத் தொட வேண்டாம்.

விடையைத் திருத்துவது

100 மி.லி. தண்ணீர் 20 டிகிரி சூடேற 8.36 கிலோஜூல் வேண்டும். அதற்கு 0.55 கிராம் எத்தனால் எரிந்திருந்தால், மோலுக்கு 700 கிலோஜூலை ஒட்டி விடை வரும். ஏற்கப்பட்ட மதிப்பு 1367. பாதிதான் வந்திருக்கிறது என்று பதறி, எடையை 0.28 என்று மாற்றி எழுதுகிறார்கள். இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பார்த்த நடுவருக்கு அது உடனே தெரியும். 700 என்றே எழுதிவிட்டு, மீதி எங்கே போனது என்று சொல்லத் தயாராக இருங்கள்: சுற்றியுள்ள காற்றுக்கு, தாங்கிக்கு, பாத்திரத்துக்கு, கொஞ்சம் கரியாக. ஸ்பிரிட்டில் மெத்தனாலோ தண்ணீரோ கலந்திருந்தால் அதுவும் குறைக்கும். கண்ணாடி பீக்கருக்குப் பதிலாக மெல்லிய செம்புக் கலம் வைத்தால் விடை இன்னும் கொஞ்சம் ஏறும்.