ஓபராவையும் பாலேயையும் பகடி செய்ய: மிகுபுனைவு (ஃபேன்டசி) எழுதுவோருக்கு ஒரு செய்முறை

பருமனான பாடகி, முடியவே முடியாத நாடகம், புரியாத மொழி. கதையைப் பாடியே நடத்தும் இசை நாடகமான ஓபராவைக் கிண்டலடிக்க உட்காரும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இந்த மூன்றும்தான். மூன்றையும் ஒதுக்கிவிடுங்கள். அவை அரங்கத்துக்கு வெளியே நின்று அடிக்கும் கேலி. பகடிக்கு வேண்டியது உள்ளே இருப்பவர்கள் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொண்ட விதிகள்.

படி 1: ஒரு விதியைப் பிடியுங்கள்

இசையமைப்பாளர் வெர்டியின் ‘ரிகொலெட்டோ’ ஓபரா 1851இல் வெனிஸில் அரங்கேறியது. அதில் கத்திக்குத்துப்பட்ட மகளைச் சாக்கில் கட்டித் தந்தையிடமே கொடுத்துவிடுகிறார்கள். அவர் சாக்கைப் பிரித்ததும் அவள் எழுந்து, அவரோடு சேர்ந்து பாடிவிட்டுத்தான் சாகிறாள். மோட்சார்ட்டின் ‘கோசி ஃபான் தூத்தே’ ஓபராவில் (1790) இரண்டு இளைஞர்கள் மீசை ஒட்டி வேற்றுநாட்டவராக வேடமிட்டு வருகிறார்கள். மணக்கப்போகும் பெண்களுக்கே அவர்களை அடையாளம் தெரியவில்லை.

ஆக, கையில் இரண்டு விதிகள்: பாட்டு முடியாமல் சாவு வராது, மீசை வைத்தால் ஆளே வேறு. ஒன்றை மட்டும் எடுங்கள். தொடக்கத்திலேயே இரண்டையும் கலந்தால் இரண்டுமே வீணாகும்.

படி 2: அதை உலகத்தின் சட்டமாக்குங்கள்

இந்த வேலைக்கு மிகுபுனைவுதான் தோதான இடம். யதார்த்தக் கதையில் மேடை வழக்கம் மேடையோடு நின்றுவிடும். இங்கே அதை இயற்கை விதியாகவே ஆக்கலாம்.

உங்கள் ராஜ்ஜியத்தில் கடைசிப் பாட்டு முடியும்வரை எவருக்கும் உயிர் போகாது என்று வையுங்கள். கிழ அரசர் படுக்கையில் பாடிக்கொண்டிருக்கிறார். இப்போது பாட்டு நீண்டால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று கேளுங்கள். வைத்தியர் மருந்துப் பெட்டியை மூடிவிட்டு, இன்னும் நாலு சரணம் எழுதித் தரக் கவிஞரைத் தேடி ஓடுவார். இளவரசர் அதே கவிஞருக்குப் பொற்காசு நீட்டி, பல்லவியோடு முடிக்கச் சொல்வார். அரசருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் அது அரசியல் நெருக்கடி. நகைச்சுவையைத் தனியாகத் தேடவே வேண்டாம். சட்டத்தின் விளைவுகளை நேர்மையாகத் தொடர்ந்து போனாலே போதும்.

படி 3: பாத்திரங்களைச் சிரிக்க விடாதீர்கள்

வைத்தியர் கண்ணடித்தால் காட்சி செத்துவிடும். அவருக்கு இது அன்றாடப் பிழைப்பு. வாசகருக்கு மட்டுமே வேடிக்கை.

படி 4: பாலே என்றால் உடம்பால் யோசியுங்கள்

நடனத்தாலேயே கதை சொல்லும் பாலேயில் பேச்சு கிடையாது. உரையாடலை வைத்துச் சமாளிக்க முடியாது. பழைய பாலேக்களில் சைகைக்கென்றே ஒரு மொழி உண்டு. தலைக்கு மேல் கைகளைச் சுழற்றினால் ‘ஆடு’. மோதிர விரலைத் தொட்டால் ‘கல்யாணம்’. விரல்களை மடக்கிய கைகளை மணிக்கட்டில் குறுக்காக வைத்தால் ‘சாவு’. இந்த மூன்றை மட்டும் தெரிந்த தூதர் ஒருவரைச் சமாதானப் பேச்சுக்கு அனுப்புங்கள். குளிருக்குக் கையைக் கட்டினாலே போர் மூண்டுவிடும்.

‘ஸ்வான் லேக்’ என்ற பாலே இன்னும் வளமான இடம். இளவரசன் அன்னமாகச் சபிக்கப்பட்ட ஒடெட்டை நேசிக்கிறான். விருந்தில் அவளைப் போலவே வரும் ஒடீலிடம் ஏமாந்து சத்தியம் செய்துவிடுகிறான். எல்லோரும் அவனைத் திட்டுவார்கள். ஆனால் இரண்டு வேடத்தையும் பெரும்பாலும் ஒரே நடனமணிதான் ஆடுகிறார்! பாவம், அவன் கண்ணில் கோளாறே இல்லை. இதையே ஒரு நீதிமன்ற வழக்காக்கலாம். எழுதப் பொறுமை இருந்தால் முழு நாவலே இருக்கிறது.

படி 5: பார்வையாளர்களையும் உள்ளே இழுங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் ஓபராவில் கைதட்டுவதற்கென்றே காசு வாங்கும் கூட்டம் இருந்தது. ‘கிளாக்’ என்று அதற்குப் பெயர். அங்கே 1861இல் இசையமைப்பாளர் வாக்னரின் ‘டான்ஹாய்சர்’ ஓபரா மேடையேறியபோது, ஜாக்கி கிளப் என்ற பணக்காரர் சங்கத்தின் கனவான்கள் ரகளை செய்தார்கள். இரவு உணவை முடித்துத் தாமதமாக வருவது அவர்கள் வழக்கம். அதற்குத் தோதாக பாலே இரண்டாம் அங்கத்தில் வருவது மரபு. வாக்னரோ முதல் அங்கத்திலேயே வைத்துவிட்டார். விசில் சத்தத்தில் மூன்றே முறை மேடையேறியதோடு நாடகம் திரும்பப் பெறப்பட்டது.

இதற்கு மேல் மிகைப்படுத்த என்ன இருக்கிறது? கனவான்களுக்குப் பதிலாக டிராகன்களை உட்காரவைத்தால் போதும். சாப்பிட்டுவிட்டு வரும் டிராகன் தேவலை, சாப்பிடாமல் வருவதுதான் சிக்கல் என்று அரங்க மேலாளர் கவலைப்படட்டும்.

படி 6: சோதித்துப் பாருங்கள்

எழுதியதை ஓபரா பக்கமே போகாத நண்பரிடம் கொடுங்கள். அவர் சிரிக்காவிட்டால் மூல நாடகத்தின் பெயரை விளக்கி ஒரு வரி சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய், சட்டத்தால் இன்னும் யார் தலை உருளும் என்று பாருங்கள்.