ஹேம்லெட் தனிமொழி: படங்களை ஒப்பிடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பாளையங்கோட்டையில் ஆங்கில இலக்கியக் கருத்தரங்கு என்றால் ஷேக்ஸ்பியரின் ஹேம்லெட் நாடகத்தைப் பற்றி ஒரு கட்டுரையாவது வந்துவிடும். ஹேம்லெட் தனக்குத்தானே பேசும் 'இருப்பதா, இறப்பதா' தனிமொழியை நாலு படத்தில் பார்த்து ஒப்பிடுவார்கள். ஒரு காலத்தில் எங்கள் செட்டும் எழுதியதுதான். ஆண்டு தப்பு, பெயர் தப்பு எல்லாம் வழிகாட்டி திருத்திவிடுவார். அவர் கண்ணுக்கும் தப்புகிறவை வேறு.

துண்டு வீடியோவை நம்பி எழுதுவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. போன மாதம் ஒரு பையன் லாரன்ஸ் ஒலிவியர் இயக்கி நடித்த 1948 படத்தைப் பற்றி வாசித்தான். கோட்டை உச்சி, கீழே கடல், கையில் குத்துவாள், சில வரிகள் மனக்குரலாக, சில வரிகள் வாய்விட்டு. எல்லாம் சரியாகத்தான் கவனித்திருந்தான்.

"தம்பி, இதுக்கு முந்தின சீன் என்ன?"

"தெரியாது சார். கிளிப் மட்டுந்தான் பாத்தேன்."

முந்தின காட்சியில்தான் விஷயமே இருக்கிறது. நாடகத்தில் ஹேம்லெட் முதலில் தனிமொழி பேசுவான், அப்புறம்தான் காதலி ஒஃபீலியாவைப் பார்ப்பான். ஒலிவியர் அதைத் திருப்பிப் போட்டார். அவளை உதறிவிட்டு அவன் போய்விடுகிறான். அவள் படிக்கட்டில் கிடந்து அழுகிறாள். கேமரா அவளை விட்டுவிட்டுப் படியேறி உச்சிக்குப் போகிறது. நாடகத்தில் பொதுவாக எழுந்த கேள்வி, இங்கே இப்போதுதான் பட்ட காயத்தின் வலியாகிவிடுகிறது. 1990-இல் இயக்குநர் செஃபிரெல்லியும் ஒஃபீலியா சந்திப்புக்குப் பிறகுதான் ஹேம்லெட்டாக நடித்த மெல் கிப்சனைக் கல்லறைக்குள் இறக்கிப் பேசவிடுகிறார். 1996-இல் தானே இயக்கி நடித்த பிரானா மட்டும் நாடக வரிசையை மாற்றவில்லை. இந்த மூன்றையும் ஒரே தருணம் என்று நினைத்துக் கட்டம் போட்டு ஒப்பிட்டால், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒரே கேள்வியில் மொத்த அத்தியாயமும் சரிந்துவிடும். அந்தப் பையன் இப்போது முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறான்.

இடம் மாற்றியது துரோகம் என்றும் எழுதிவிடாதீர்கள். 1603-இல் வந்த முதல் குவார்ட்டோவிலேயே, அதாவது நாடகத்தின் முதல் அச்சுப் பதிப்பிலேயே, இந்தப் பேச்சு வேறு இடத்தில், இன்னும் முன்னால் இருக்கிறது.

யார் கேட்கிறார்கள் என்று பார்க்காதது

பிரானா கண்ணாடி முன் நின்று பேசுகிறார். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அரசனும் அவன் அமைச்சர் பொலோனியஸும் ஒளிந்து பார்க்கிறார்கள். அவர் குத்துவாளை உருவும்போது அது தன்னை நோக்கியா, அரசனை நோக்கியா? 'கண்ணாடி அகமனதின் குறியீடு' என்று முடித்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

கடல் என்றால் எல்லாம் ஒரே கடல் இல்லை

1964-இல் சோவியத் இயக்குநர் கோசின்ட்சேவின் ஹேம்லெட்டும் கடலோரம்தான் வருகிறான். ஆனால் உச்சியில் நின்று குனிந்து பார்ப்பதில்லை. பாறைகளுக்கு நடுவே நடக்கிறான்.

யார் நடிப்பு பெஸ்ட்?

டீக்கடையில் பேசிக்கொள்ளலாம்.

சிவாஜியைத் தழுவல் பட்டியலில் சேர்ப்பது

நம் பக்கம் இது தவறாமல் நடக்கும். 1973-இல் வந்த 'ராஜபார்ட் ரங்கதுரை' ஹேம்லெட்டின் தழுவல் இல்லை. ஒரு நாடக நடிகனின் கதை அது. ஹேம்லெட் அவன் போடும் வேஷங்களில் ஒன்று. அதைப் பற்றித் தனியாக எழுதுங்கள், நான் முதல் ஆளாக வந்து உட்காருகிறேன்.

'ஹைதர்' படத்தைத் தனிமொழி என்பது

2014-இல் வந்த இந்த இந்திப் படம் ஹேம்லெட்டைக் காஷ்மீருக்குக் கொண்டுபோகிறது. அதில் ஷாஹித் கபூர் மொட்டைத் தலையும் கழுத்தில் கயிறுமாக ஸ்ரீநகர் லால் சௌக்கில் பேசுவது நாற்சந்தியில், கூட்டத்தைப் பார்த்து. 'நான் இருப்பதா' என்ற கேள்வி அங்கே 'நாம் இருக்கிறோமா' என்று ஆகிவிடுகிறது. பிரானாவோடு நேருக்கு நேர் வைக்கும் முன், தனியாள் பேச்சு ஏன் ஊர்ப் பேச்சாயிற்று என்று ஒரு பத்தியாவது எழுதிவிடுங்கள்.